ராவென்னாவுக்கு வழி எழுதியவள்

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த பயண அலுவலகத்தில் மயூராவுக்குப் பதினோரு வருட வேலை. கூட்டத்தோடு சேராமல் தாங்களாகவே ஊர் சுற்ற விரும்புகிறவர்களுக்கு வழிக்கையேடு எழுதித் தருவது அவள் பொறுப்பு. அவள் எழுதியவற்றில் அதிகம் விற்றது இத்தாலியின் ராவென்னா நகரத்துக்கான கையேடு. முதல் நாள் நடை: பழைய தேவாலயங்கள், சுவரும் கூரையும் நிறையப் பொடிக்கற்களைப் பதித்துச் செய்த ஓவியங்கள். மறுநாள் சைக்கிள்: நகரத்தை விட்டு வெளியேறி, பைன் மரக்காட்டைக் கடந்தால் கடலோரச் சதுப்புநிலம், அதில் பூநாரைகள். 'இந்தத் திருப்பத்தில் காற்று எதிரே வரும், கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்றெல்லாம் எழுதியிருந்தாள்.

மயூரா இத்தாலிக்குப் போனதில்லை. சைக்கிள் ஓட்டவும் தெரியாது.

செயற்கைக்கோள் படங்கள், போய்வந்தவர்கள் இணையத்தில் எழுதிய குறிப்புகள், சுற்றுலாத் துறையின் வரைபடங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுதினாள். நன்றாகவே எழுதினாள். அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது; ஈசூன் வட்டாரத்தில் இருந்த தன் வீட்டின் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தபடியே அந்த வழிகளை மனத்துக்குள் போய்ப் பார்த்துவிடுவாள். வேலைக்கு வரும்போதுகூட ஒரு நிலையம் முன்னதாகவே ரயிலிலிருந்து இறங்கி நடப்பாள்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாணிக்கம் வந்தார். துறைமுகத்தில் பளுதூக்கும் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர், புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் குடியிருப்பவர். மனைவி முத்தாயியோடு ராவென்னா போய்த் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கையேட்டை மேசைமேல் விரித்து ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"மிஸ், இந்தப் பாலம் எங்க இருக்கு?"

"கடலோரப் பாதையிலயே போனா வரும் சார்."

"போனோம். ஆறுதான் வந்துச்சு. நேரா கடல்ல போய் விழுது. அந்தப் பக்கம் பாதை தெரியுது, இந்தப் பக்கம் நாங்க நிக்கிறோம். நடுவுல ஒண்ணுமே இல்ல." அவர் கோபமாகப் பேசவில்லை. "நீங்க இந்த வழியில போயிருக்கீங்கதானே?"

பக்கத்து மேசையில் முதலாளி சுஷ்மிதா நிமிர்ந்து பார்த்தாள். மயூராவின் வாய் முந்திக்கொண்டது.

"போயிருக்கேன் சார். பாலம் இருந்துச்சு."

மாணிக்கம் கையேட்டை மெதுவாக மூடினார். "அப்ப நான்தான் எங்கயோ தப்பாத் திரும்பிட்டேன். என் வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னா. கொஞ்ச நாளா எனக்கு இப்படித்தான் ஆகுது, மிஸ்" என்றவர், தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவர் போனதும் மயூரா கணினியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாலம் என்று அவள் நினைத்தது ஆற்றின் குறுக்கே விழுந்திருந்த ஒரு நிழல்கோடு. எதன் நிழல் என்றுகூடத் தெரியவில்லை. தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். நாளை கூப்பிடலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள். மூன்றாம் நாள் கீழே இறங்கிப்போய்ச் சைக்கிள் கடை ஃபாரூக்கிடம் கேட்டாள்.

"நாப்பத்தெட்டு வயசுல சைக்கிள் கத்துக்க முடியுமா ஃபாரூக்?"

"விழுறதுக்கு ரெடின்னா முடியும்லா" என்றார் அவர்.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லியாகிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டுவிட்டால் பொய் பாதியாவது கரையும் என்று ஒரு கணக்கு. ஃபாரூக் ஒரு பழைய சைக்கிளின் மிதிகளைக் கழற்றி, இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்தார். கால்களால் தரையை உந்தி உந்தியே விழாமல் சமநிலை பழக வேண்டும். ஈசூன் நீர்த்தேக்கத்தின் ஓரம், காலையில் வேலைக்குப் போகுமுன், நடைப்பயிற்சிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட, அவள் வாத்துபோல் உந்திக்கொண்டு போனாள். இரண்டாம் வாரம் மிதிகள் வந்தன. முழங்கை சிராய்த்தது. ஒருநாள் புதருக்குள் போய் விழுந்தாள். நான்காம் வாரம் தொடர்ந்து இருநூறு அடி ஓட்டினாள். இறங்கத் தெரியாமல் மரத்தைப் பிடித்து நின்றாள்.

ஓட்ட வந்தும் மனம் அடங்கவில்லை. சாப்பிடும்போது நினைவு வரும், ரயிலில் நினைவு வரும்: 'கொஞ்ச நாளா எனக்கு இப்படித்தான் ஆகுது, மிஸ்.'

ஆறாம் வாரம் சனிக்கிழமை, ஃபாரூக் துணைக்கு வர, ஈசூனிலிருந்து கிராஞ்சிப் பக்கம் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குக் கிளம்பினாள். உள்ளே சைக்கிள் கூடாது. வாசலில் நிறுத்திவிட்டு அலையாத்திக் காட்டுக்குள் பலகைப் பாதையில் நடந்தார்கள். சேற்றில் ஓர் உடும்பு யாரையும் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டிருந்தது. திரும்பும்போது, குறுக்குவழி என்று கைபேசி காட்டிய பாதையில் மயூரா முன்னால் போனாள். வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் தீர்ந்துவிட்டது. பாதை கம்பிவேலியில் போய் முடிந்தது. வேலிக்கு அப்பால் அதே பாதை தொடர்ந்து போவது தெரிந்தது.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளுக்கு நாற்பத்தெட்டு வயது, பக்கத்தில் ஃபாரூக் இருக்கிறார், பதினைந்து நிமிடம் நடந்தால் பேருந்து. அன்று ஆற்றோரம் நின்ற மாணிக்கத்துக்கோ அறுபத்தேழு. மொழி தெரியாத ஊர்.

"அழுறீங்களா?" என்றார் ஃபாரூக்.

"புக்கிட் பாத்தோக்குக்கு இங்கேர்ந்து எப்படிப் போறது?"

அலுவலகப் பதிவில் இருந்த முகவரியைத் தேடிப் போய், வியர்வை காயாத சட்டையோடுதான் மாணிக்கம் வீட்டுக் கதவைத் தட்டினாள். முத்தாயி திறந்தார். மாணிக்கம் சோபாவில் இருந்தார். அவளை அடையாளம் கண்டு எழுந்து நின்றார்.

"சார், அங்க பாலம் இருந்ததே இல்ல. நான் அந்த ஊருக்குப் போனதே இல்ல. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நீங்க வழி மாறல."

மாணிக்கம் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா?" என்றார்.

முத்தாயி மயூராவின் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு உங்க ஆபீஸ்லேர்ந்து வந்ததுலேர்ந்து இவர் தனியா வெளிய போறதில்ல, தெரியுமா? எதையும் நம்பமாட்டேங்கிறார். வீட்டைப் பூட்டினோமான்னு மூணு தடவை பார்க்கிறார். மறதிக்கு டெஸ்ட் எடுக்க அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஆறு வாரமா எங்க போயிருந்தீங்க நீங்க?"

"சைக்கிள் கத்துக்கிட்டு இருந்தேன் அக்கா."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று மயூராவுக்கு உறைத்தது. முத்தாயி அவளை உட்காரச் சொல்லவில்லை. மாணிக்கம் மட்டும் வாசல்வரை வந்தார். "இன்னும் எத்தனை பேருக்கு அந்தப் புஸ்தகத்தைக் கொடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லுமுன், "எல்லாருக்கும் எழுதிச் சொல்லுங்க" என்றார்.

திங்கட்கிழமை சுஷ்மிதாவிடம் சொன்னபோது அவள் கொதித்துப்போனாள். "ஒரு பக்கத்தை மாத்தினாப் போதாதா? நாமே போய் ஊரெல்லாம் சொல்லணுமா?" இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் மயூரா தன் பெயரிலேயே கடிதம் எழுதி, கையேடு வாங்கிய அத்தனை பேருக்கும் அனுப்பினாள். அந்தக் கையேடு விற்பனையிலிருந்து நீங்கியது. சுஷ்மிதா அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனால் எழுதும் வேலையிலிருந்து எடுத்து, விமானச்சீட்டுப் பதிவில் உட்கார வைத்தாள். உட்கார்ந்தே செய்யும் வேலை. மயூராவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

மாணிக்கம் பரிசோதனைக்குப் போகத்தான் செய்தார். வயதுக்கு உரிய மறதி தவிர வேறொன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னதாக ஒருவரிச் செய்தி மயூராவின் கைபேசிக்கு வந்தது. முத்தாயி அனுப்பியிருந்தார்.

அக்டோபரில் மயூரா பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ராவென்னாவுக்குப் போனாள். அவள் எழுதியதைவிட நகரம் சிறியது. தேவாலயங்களுக்குள் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தாள். வாடகைச் சைக்கிளில் பைன் காட்டுக்குள் போனாள். வேர்கள் பாதையைத் தூக்கிவிட்டிருந்தன, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ஆற்றுமுகத்தில் நின்றபோது காற்று அவள் நினைத்த திசையிலிருந்து வரவில்லை. அக்கரைப் பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். உள்நாட்டு வழியாகச் சுற்றிப் போனால் சதுப்புநிலம் வருகிறதா என்று மூன்று நாள் ஓட்டிப் பார்த்தாள். வந்தது. பூநாரைகள் வெகுதொலைவில், வெளிறிய கோடாக நின்றன.

திரும்பியதும், யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் புதிதாக எழுதி, அலுவலகத்துக்குக் கொடுக்குமுன் புக்கிட் பாத்தோக்குக்கு அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து முத்தாயி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்தக் காட்டுப் பாதையில உட்கார இடம் இருக்கா?"

"ஒரு மரப்பலகை இருக்கு அக்கா. ஆனா கொசு. ரெண்டு நிமிஷம்கூட உட்கார முடியாது."

"அப்ப அதையும் எழுதுங்க. கழிவறை?"

"நகரத்தை விட்டா அப்புறம் எங்கயும் இல்ல."

"எழுதுங்க" என்றார் முத்தாயி. பின்னால் மாணிக்கம் ஏதோ சொல்வது கேட்டது. "ஆறாம் பக்கத்துல எழுத்து ரொம்பச் சின்னதா இருக்காம், இவர் சொல்றார். எங்க வயசுக்காரங்களும் படிக்கணும்ல."

மயூரா எழுந்து நின்றுகொண்டே பென்சிலை எடுத்தாள்.