நாய்க்கு வைத்த குழம்பு

இன்று காலை அருள்புரம் கறிக்கடையில் ஆட்டுக்குடலைக் கொதிநீரில் முக்கிச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை என்னை ஏழாம் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

தெற்கேயிருந்து பிழைக்க வந்த அம்மா அப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். விடுமுறை ஞாயிறு மட்டும்தான். அன்று விடிந்ததும் குடல் வாங்கிவந்து, மஞ்சள் போட்டு நாலைந்து தண்ணீரில் அலசி, மிளகும் சீரகமும் அரைத்து ஊற்றி மதியம்வரை வேகவைப்பாள். அப்படியொரு ஞாயிறன்று என் வகுப்புத் தோழி கவிதா வந்தாள். அந்தக் கம்பெனி முதலாளியின் மகள்.

“ஏனுங்கம்மா, இதென்ன கொழம்புங்க?” என்று கேட்டாள்.

அம்மா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “அது நாய்க்கு வச்சது.”

எங்களிடம் நாயே கிடையாது. அம்மா சட்டியை மூடினாள். அப்பளம் பொரித்து, கவிதாவுக்கு ரசம்சோறு போட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குடல் வேகவில்லை. ஏனென்று நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இன்று நானே வாங்கிவந்து சமைத்து அம்மாவுக்குப் பரிமாறினேன். ருசித்துத்தான் சாப்பிட்டாள். பாதியில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அம்மா தட்டைக் கையால் மறைத்தாள்.

“யாரோ வாராக தாயி. சட்டிய எடுத்து உள்ள வச்சிரு.”