கிராணி வீட்டு முன்வாசலில் ரேடியோ பாடம்

எங்கள் தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த பெரிய கிராணியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

மலாயாவில், பெம்பானிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. கம்யூனிஸ்டுகளோடு பிரிட்டிஷ் அரசு போரிட்ட அவசரகாலம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாதென்று, கேட்டில் காவலர்கள் சோற்றுச் சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். அந்த நாளில்தான் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு, வானொலிப் பாடம் கேட்பதற்காக, பேட்டரியில் ஓடும் ரேடியோ வந்தது. நான் அங்கே தற்காலிக ஆசிரியை. கைக்குழந்தையான மகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பாடம் நடத்துவேன்.

பெட்டிக்குள்ளிருந்து கேள்வி வந்தால் பிள்ளைகள் எழுந்து நின்று பதில் சொன்னார்கள். "உள்ள இருக்கிற அக்கா நாளைக்கும் வருவாங்களா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

அந்த வாரமே கிராணி வந்தார். "காலம் கெட்டுக் கெடக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுகூட இல்ல. என் வீட்டுல பத்திரமா இருக்கட்டும்லா, காலையில அனுப்பிடுறேன்."

சரிதானே என்று கொடுத்தேன். சாயங்காலங்களில் அவர் வீட்டிலிருந்து சினிமாப் பாட்டு லயம்வரை கேட்டது. சில நாளில் பெட்டி வருவது நின்றது. கேட்டால், "ரிப்பேர்" என்றார். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அவர் தோட்ட மானேஜரான துரையிடம் போய், "பொம்பள கைபட்டு மெஷின் கெட்டுப்போச்சு, வேற வாத்தியார் பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். கல்வி அதிகாரி வந்து பார்த்துவிட்டு என் வேலையை முடிவு செய்வாராம்.

"சும்மா இரு. அவரு நெனச்சா நம்ம வீட்டையே காலி பண்ண வைப்பாரு," என்றார் தோட்டத்து ஆலையில் வேலை பார்த்த என் கணவர். நான்தான் குமிழைத் தவறாகத் திருப்பிவிட்டேனோ என்றுகூட யோசித்தேன். அப்போதும் கிராணி வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி வானொலிப் பாட நேரத்துக்கே வந்தார்.

"ரேடியோ எங்கம்மா?"

"வாங்க சார். கிளாஸ் அங்கதான்."

பிள்ளைகளை வரிசையாக கிராணி வீட்டுக்கு நடத்திப் போனேன். லயத்து ஆட்கள் அந்த வீட்டுப் பின்வாசலுக்குத்தான் போவது வழக்கம். முன்படியில் பிள்ளைகள் தயங்கினார்கள். "ஏறுங்க," என்றேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கால் கழுவிக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிராணியின் மனைவி பதறி வந்தார். "என்ன டீச்சர் இது! பின்னாடி வாங்க!"

"பாட நேரம்க்கா. பள்ளிக்கூட ரேடியோ இங்கதானே இருக்கு?"

பளபளப்பான தரையெல்லாம் செம்மண். மேசையில் பூத்துணி விரித்து வைத்திருந்த பெட்டியின் குமிழை நானே திருப்பினேன். குரல் கணீரென்று வந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று பதில் சொன்னார்கள்.

ஆபீசிலிருந்து கிராணி ஓடி வந்தார். "ரிப்பேர்னு சொன்னீங்களாமே?" என்றார் அதிகாரி.

"இப்பதான் சார்... சரியாச்சு."

"நேத்தும் பாடுச்சு சார்!" என்றாள் ஒரு சிறுமி.

அதிகாரி பாடம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம், "உங்க வேலைக்கு ஒண்ணும் வராதும்மா," என்றார். கிராணியிடம், "பெட்டியத் தூக்குங்க," என்றார்.

ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகை வழியாகத்தான் பள்ளிக்குப் போகவேண்டும். "என்னங்க ஐயா, இன்னிக்கு நீங்களும் சுமக்குற வேலையா?" என்று பெண்கள் சிரித்தார்கள்.

ஜன்னலோரம் இருந்த வகுப்பு மேசையில் பெட்டியை இறக்கிவிட்டு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு என்ன செய்வாரோ என்று எனக்குப் பயமும் இருந்தது. ஆனாலும், ஜன்னல் பக்கம் வெயில் படும் என்று சொல்லி, இன்னொரு தரம் தூக்க வைத்தேன்.