அக்காவுக்குத் தழும்பு காட்டச் செம்மேடு போனேன்

2009 கார்த்திகை. காரவள்ளி அடிவாரத்தில் பஸ் ஏறியபோது காலை ஏழு மணி. மலை மேலுள்ள செம்மேடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் என்னையறியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"வாந்தி வருதுங்களா?" என்று பக்கத்திலிருந்த அன்னாசி வியாபாரி எலுமிச்சம்பழத்தை நீட்டினார். "இல்லீங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்கு முன், மகன் வேலை பார்க்கும் டெல்லியில் எனக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு ரோபோ அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது அதே நோய் என் அக்கா சரசுவுக்கும். தொடக்க நிலைதான், எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்றார் சேலத்து டாக்டர். வயிற்றைக் கிழிக்க விடமாட்டேன் என்று அக்கா மலைக்குத் திரும்பிவிட்டாள். அவளை அழைத்துவரத்தான் போனேன்.

செம்மேட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் அக்காவின் மிளகுத் தோட்டம். வீட்டில் ஐந்தாறு பெண்கள் காத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆபரேசன் ஆனவரைப் பார்க்க வந்தால் முதலில் தையலைத்தான் கேட்பார்கள். தையல் நீளமாக இருந்தால்தான் பெரிய ஆபரேசன், நல்ல டாக்டர்.

"காட்டு புள்ள" என்றாள் பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தி. கதவைச் சாத்திவிட்டுச் சேலையை விலக்கினேன். ஐந்து தழும்புகள், விரல் நகத்தளவில்.

"இதுக்கா டெல்லி வரைக்கும் போன? பலாப்பழம் அரியறப்ப நான் கிழிச்சுக்கிட்டதே இதவிடப் பெருசு! உன்னைய ஏமாத்தி அனுப்பிட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"மிசினு தானா அறுக்குமா கண்ணு? தப்பா அறுத்துட்டா?"

"தானா ஒண்ணும் பண்ணாதுக்கா. டாக்டரம்மா அதே ரூமுல உக்காந்து பொட்டிக்குள்ள பார்த்துக்கிட்டே கைய அசைப்பாங்க. அதுக்குத் தக்கன உள்ள சின்னக் கத்தி அசையும். கர்ப்பப்பையக் கீழ்வழியாவே எடுத்துட்டாங்க. மூணாம் நாளு பையன் ஊட்டுக்கு வந்துட்டேன்."

கூட்டத்தில் நான் அவ்வளவு பேசியதே இல்லை. பாப்பாத்தி விடவில்லை. "அஞ்சு ஓட்டை போடறதுக்கு அத்தனை பெரிய டாக்டரா?"

"ஓட்டையச் சின்னதாப் போடத்தானுங்க பெரிய டாக்டரு" என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அக்கா குனிந்து ஒரு தழும்பைத் தொட்டாள். மிளகு உதிர்த்த விரல் கரகரத்தது.

"நோவு போயிருச்சா?"

"எடுத்ததப் பரிசோதிச்சு வேற எங்கியும் பரவலீன்னு சொல்லிட்டாங்க. செக்கப்புக்கு மட்டும் போவோணும்."

அக்கா எழுந்தாள். பரண் மேலிருந்த பையை இறக்கித் தூசி தட்டினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னலோரச் சீட்டு. கண்டக்டர் பையைப் பார்த்து, "ஏனுங், ஏதாச்சும் விசேசமுங்களா?" என்றார். நான் பதில் தேடுவதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"கேன்சருங்க. டெல்லிக்குப் போறேன், ஆபரேசனுக்கு."

அவர் திகைத்தார். "பயமா இல்லீங்களா?"

"இருக்குதுங்க" என்றாள் அக்கா. "ரெண்டு டிக்கெட் குடுங்க."