மென்று ஊட்டிய சோறு

இதைப் படித்துவிட்டுச் சந்தேகப்படுகிறவர்கள் நர்ஸ் பவுலின் மிஸ்ஸியையே நேரில் போய்க் கேட்கலாம். ரிங்லெட் கடைத்தெருவுக்குப் பின்னால்தான் இன்றைக்கும் இருக்கிறார். ஒன்றே ஒன்று... சாப்பாட்டு வேளையில் போகாதீர்கள். இந்தப் பேச்சை எடுத்தால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். இத்தனை வருஷம் கழித்தும் அப்படித்தான்.

முதலில் இடத்தையும் காலத்தையும் சொல்லிவிடுவது முறை. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். 1979, நவம்பர் மழை. தோட்டத்து ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, ஒரு நீளக் கூடம், கட்டில்கள், மருந்து அறை, கோடியில் ஒரு தனி அறை. டிரெஸ்ஸர் ஞானசுந்தரம்தான் அங்கே டாக்டர் மாதிரி. பவுலின் ஈப்போவில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் அங்கே வந்திருந்தாள். இளவயது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களில் பாதிப் பேரின் முகம்கூட அவளுக்குப் பழக்கமாகவில்லை.

கொழுந்து பறிக்கும் ரஞ்சிதத்தின் மகள் பவளம். ஐந்து வயது. காய்ச்சல் விட்டபாடில்லை. உடம்பெங்கும் கட்டி. வாய்க்குள் நாக்கு, அண்ணம், கன்னம் எல்லாம் பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படை படிந்திருந்தது. சுரண்டினால் அடியில் ரத்தம். அந்த வாய்க்கு ஒரு நாற்றம்... அழுகிய முட்டைக்கோஸ் மூட்டையைப் பிரித்தால் வருமே, அது.

ஈப்போவுக்கு அனுப்பியிருந்த ரத்தத்துக்குப் பதில் தோட்டத்து ஆபீஸ் டெலிபோனில் வந்தது. நோயை எதிர்த்து நிற்கிற சக்தி இந்தப் பிள்ளையின் உடம்பில் பிறவியிலேயே இல்லையாம். மற்றவர்களுக்குச் சாதாரணச் சளி, இவளுக்கு எமன். உடனே கோலாலம்பூருக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை வேறு மனுசர் மூச்சு, கை, எச்சில் எதுவும் படக்கூடாது.

அன்று காலையில்தான் தாப்பாவுக்கு மலையிறங்கும் பாதையில் மண் சரிந்திருந்தது. ஒரு லோரிகூட இறங்க முடியாது.

"பாதை திறக்கிற வரைக்கும் இந்தப் புள்ளை உசுரு உங்க கையில மிஸ்ஸி" என்றார் ஞானசுந்தரம்.

பவுலின் சளைத்தவள் இல்லை. தனி அறையைக் காலி செய்து, சுவரிலிருந்து கட்டில் கால் வரைக்கும் டெட்டால் போட்டுக் கழுவினாள். ஜன்னலை அடைத்துக் கொக்கி போட்டாள். துணி, கரண்டி, கோப்பை எல்லாவற்றையும் கொதிக்க வைத்தாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்து, வாய்க்குத் துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே போவாள். வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. பெற்றவளே ஜன்னல் கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

முதல் நாள் மத்தியானம். மலையில் மழைக்காலத்தில் அந்த நேரத்துக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். காய்ச்சல் நூற்று மூன்று. குழந்தையின் வாயில் ஊதா மருந்து தடவ வேண்டும்.

"ஆ காட்டு கண்ணு..."

பவளம் வாயைத் திறந்தாள்.

கன்னத்து ஓரத்தில் ஒரு உருண்டை. பவுலின் பஞ்சால் தோண்டி எடுத்தாள்.

சோறு. மென்ற சோறு. கூழாக, சூடாக, சிவப்பு எச்சில் நூல் நூலாகத் தொங்க... வெற்றிலையும் புகையிலையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. நடுவில் கறுப்பாக ஒன்று. உற்றுப் பார்த்தாள். உடைந்த பல்லின் சில்லு.

பவுலின் பஞ்சை வாளியில் எறிந்தாள். விறுவிறுவென்று வெளியே போய் ரஞ்சிதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு அறிவு இருக்கா? யாரோட எச்சில் அது? புள்ளையைக் கொல்லப் பாக்கிறியா?"

"ஐயோ மிஸ்ஸி, நா உள்ளயே வரலியே! வெத்தலையும் போட மாட்டேன். இந்தா பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டினாள். பற்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வெத்தலை வாடையா மிஸ்ஸி அடிச்சுது?"

"ஆமா. அதுக்கென்ன?"

ரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டாள். 

பவுலின் குழந்தையின் வாயைத் துளி மிச்சமில்லாமல் வழித்துக் கழுவினாள். நல்லது செய்தோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் நூற்று ஐந்தைத் தொட்டது. குழந்தைக்கு வலிப்பே வந்துவிட்டது.

மறுநாள் அறைக்குப் பூட்டுப் போட்டாள். சாவி அவள் இடுப்பில்.

"யாரு வரப்போறா மிஸ்ஸி? நீங்க கண்ணசந்திருப்பீங்க லா" என்று சிரித்தார் ஞானசுந்தரம். "இல்லாட்டி எனக்குத் தெரியாம நீங்களே வெத்தலை போடுறீங்களா?"

"விளையாடாதீங்க சார்."

அன்றைக்கும் பனி இறங்கியது. பவுலின் கொதித்த கரண்டியை எடுக்கத்தான் பக்கத்து அறைக்குப் போனாள். அப்போது கேட்டது.

மச்... மச்... மச்...

வெறும் ஈறால் எதையோ மெல்லுகிற ஓசை. ஈரமான ஓசை. பூட்டிய அறைக்குள்ளிருந்து.

சாவியைப் போட்டுத் திருப்பினாள்.  உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் கொக்கி போட்டபடியே இருந்தது. பவளத்தின் இரண்டு கன்னங்களும் உப்பியிருந்தன. மோவாய் வழியாகச் சிவப்புக் கோழை வழிந்தது. குழந்தை ஆசையாய் விழுங்கிக்கொண்டிருந்தாள். முந்திய நாள் முழுக்க ஒரு மிடறு பால் இறங்காத தொண்டை அது.

பஞ்சை எடுத்தாள். அப்படியே நின்றாள்.

குழந்தையின் நெற்றி வேர்த்திருந்தது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள்.

நூறு.

மாத்திரைக்கு இறங்காத காய்ச்சல். ஊசிக்கு இறங்காத காய்ச்சல். நேற்று வழித்துப் போட்ட பிறகுதானே ஏறியது? படித்த படிப்பு ஒரு பக்கம் இழுத்தது. கையிலிருந்த தெர்மாமீட்டர் ஒரு பக்கம் இழுத்தது. வழித்துப் போட்டால் குழந்தை போய்விடும். விட்டுவைத்தால்... அந்த எச்சில்...

பஞ்சைக் கீழே போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. களக். களக்.

மூன்றாம் நாள். பாதை இன்னும் திறக்கவில்லை. காலையிலிருந்தே காய்ச்சல் ஏறத் தொடங்கியது. மத்தியானம் நூற்று நான்கு.

பவுலின் அறையைப் பூட்டினாள். கதவில் உள்ள சிறு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

வெளியே பனி வெள்ளையாக அப்பியது. அறை மங்கியது.

கட்டில் தலைமாட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அவள் வந்ததைப் பவுலின் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான்.

கசங்கின சேலை. நரை கலந்த கொண்டை. தாடையைச் சுற்றி உச்சந்தலை வரைக்கும் ஒரு வெள்ளைத் துணி. பல்வலிக்காரி போல.

மடியிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்தாள். தாடைத் துணியை அவிழ்த்தாள்.

வாய் திறந்தது.

திறந்துகொண்டே போனது... தாடை தொங்கி, கழுத்துக்கும் கீழே இறங்கி நின்றது.

சோற்றை உள்ளே திணித்தாள். ஒரு கையை மோவாய்க்கு அடியில் கொடுத்தாள். தூக்கி மூடினாள். விட்டாள். தொங்கியது. மறுபடியும் தூக்கினாள்.

மச்... மச்... மச்...

கையால் மென்றாள்.

பவுலினுக்கு வயிற்றில் இருந்ததெல்லாம் வாய்க்கு வந்தது. வாயில் கட்டிய துணிக்குள்ளேயே வந்தது. துணியை அவிழ்க்கவில்லை. விழுங்கினாள்.

உள்ளே குழந்தை வாயைப் பிளந்தாள். குருவிக் குஞ்சு மாதிரி.

தலைமாட்டில் இருந்தவள் குனிந்தாள். வாயோடு வாய்.

கதவைத் திறக்கச் சாவி கையில் இருந்தது.

பவுலின் திறக்கவில்லை.

சாயங்காலம் பார்த்தபோது காய்ச்சலே இல்லை.

மறுநாள் பாதை திறந்தது. பவுலினே ஆம்புலன்சில் கூடப் போனாள். கோலாலம்பூரில் பெரிய டாக்டர் காகிதங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை முதல் பிறந்தநாளைக்கூடத் தாண்டாது, சிஸ்டர். இவள் எப்படி ஐந்து வருஷம் இருந்தாள்? என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். 

சில மாதம் கழித்துப் பவளம் பிழைத்து, தன் காலாலேயே நடந்து லயத்துக்குத் திரும்பினாள். குழந்தையைப் பார்க்கிற சாக்கில் பவுலின் ரஞ்சிதத்தின் வீட்டுக்குப் போனாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டே விட்டாள்.

"தாடையில துணி கட்டின ஒரு அம்மா... யாரு ரஞ்சிதம் அது?"

ரஞ்சிதம் திடுக்கிடவில்லை.

"அம்மாக்கண்ணு ஆயா மிஸ்ஸி. நாங்க கொழுந்து எடுக்க மலைக்குப் போறப்ப புள்ளைங்களைக் கொட்டாயில வச்சுப் பாத்துக்கிட்டவங்க. வெத்தலை வாயாலயே சோத்தை மென்னு மென்னு ஊட்டுவாங்க. பவளத்துக்கு ஒரு நாள் தவறாம ஊட்டினாங்க. அவங்க செத்த அன்னிக்கு இந்தக் கையாலதான் தாடையைக் கட்டினேன். அதுக்கு மறுநாளுதான் இவளுக்குக் காய்ச்சல் கண்டுச்சு."

பவுலின் எழப் போனாள். ரஞ்சிதம் விடவில்லை.

"இவளுக்கு மூத்தது ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க மிஸ்ஸி. அந்த எச்சியைப் பாத்தாலே எனக்கு அருவருப்பு. கொட்டாய்ல விடாம முதுகுலயே கட்டிக்கிட்டுக் கொழுந்து எடுத்தேன். ஒண்ணு எட்டு மாசம். ஒண்ணு பத்து மாசம். ரெண்டும் வாயெல்லாம் வெள்ளை பூத்துத்தான் போச்சு."

 ரஞ்சிதம் சேலையை விலக்கி, மேடிட்டிருந்த வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இதுக்கும் வந்து ஊட்டுவாங்கல்ல மிஸ்ஸி?"