எலுமிச்சை பிழியாத சொதி

என் கல்யாணம் ஒரு ஒயின் பாட்டிலை நம்பி நின்றது என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அறுபதுகளின் கடைசியில் அந்தமானில், வண்டூரில் எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அனுப்பியவர் என்னைப் பெண் பார்க்க வரவிருந்த மாப்பிள்ளையின் அப்பா. மெயின்லேண்ட் போகும் கப்பலில் பட்லர். மாப்பிள்ளை ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் மெக்கானிக். மாதா கோயில் திருவிழாவில் அவரைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவர் அப்பாவோ சாப்பாட்டு விஷயத்தில் படு கறார். ஏற்கெனவே இரண்டு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "சரிப்படாது" என்று எழுந்து வந்தவர். மரம் ஏற்ற வந்த வெளிநாட்டுக் கப்பலில் யாரோ கொடுத்த வெள்ளை ஒயினாம். கூடவே ஒரு செய்தி: ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறோம், இதற்கு ஏற்றதாகச் சமைத்து வையுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒயின் ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு அம்மா ஜாடியில் போடுகிற, கிராம்பும் சீனியுமாகத் தித்திக்கும் சிவப்பு ஒயின். அதற்குப் பன்றிக்கறி. இதற்கும் பன்றிக்கறிதான் என்று அம்மா முடிவே செய்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ருசி தெரியாத பொருளுக்கு என்னத்தைச் சமைப்பது? சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவைக் கெஞ்சினேன். அவர் தக்கையில் ஒரு மர ஸ்க்ரூவை முறுக்கி, குறட்டால் இழுத்துத் திறந்து கொடுத்தார்.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ஏட்டி, புளிச்சுல்லா போச்சு! ரெண்டு கரண்டி சீனிய அள்ளிப் போடு."

"எம்மா, சீனி டப்பாவத் தொட்டே, நாளைக்கு நான் அடுப்படிக்கே வர மாட்டேன்!"

அது கெட்டுப்போன புளிப்பே இல்லை. எலுமிச்சம்பழத்தைக் கீறியதும் மூக்கில் ஏறுமே, அந்தப் புளிப்பு. புளிக்குழம்பை ஒரு கரண்டி சாப்பிட்டு ஒரு மடக்கு குடித்தேன். இரண்டு புளிப்பும் வாய்க்குள் சண்டை போட்டன. மிளகாய் தடவிப் பொரித்த மீனோடு குடித்தால் நாக்கு பற்றி எரிந்தது. கடைசியாகக் கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி, பின்னாலேயே ஒரு மடக்கு. அடி ஆத்தே! நின்ற இடத்தில் குதித்தே விட்டேன். பாலின் கொழுப்பை ஒயின் துடைத்துக்கொண்டு போக, தேங்காயின் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றது.

மறுநாள் பாறை மீனில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தேன். பச்சை மிளகாய் இரண்டே இரண்டு. இறக்கியதும் எலுமிச்சை பிழிய வேண்டும்; நான் பிழியவில்லை. அந்தப் புளிப்புதான் பாட்டிலில் இருக்கிறதே! தக்கையை அடித்து மூடி, பாட்டிலை விடியற்காலையிலேயே வாளியில் வைத்துக் கிணற்றுத் தண்ணீரில் இறக்கியிருந்தேன். "எலுமிச்ச இல்லாத சொதிய எவன் திம்பான்? மானம் போவப் போவுது" என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள்.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். கிணற்றில் குளிர்ந்த ஒயினைக் கிளாஸில் ஊற்றி வைத்தேன். பட்லர் சோற்றில் சொதியை ஊற்றி ஒரு வாய் வைத்தார். கை அப்படியே நின்றது.

"அரே, எலுமிச்ச போடலியா?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"மறக்கல மாமா. அது உங்க கிளாஸ்ல இருக்கு. ஒரு மடக்கு குடிச்சிட்டு அடுத்த வாய் சாப்பிடுங்க."

குடித்தார். சாப்பிட்டார். மறுபடி குடித்தார். தட்டு காலியாகும்வரை நான் மூச்சே விடவில்லை. பிறகு கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"முப்பது வருஷமா கப்பல்ல சாப் லோகுக்கு, பெரிய தொரைங்களுக்கு, இத ஊத்திக் குடுத்திருக்கேன். மீனுக்கு எது, கறிக்கு எதுன்னு எல்லாம் எனக்கு அத்துப்படி. மிச்சம் மீதிய பேன்ட்ரில நின்னுக்கிட்டே குடிச்சதுதான். உக்காந்து, சாப்பாட்டோட குடிக்கிறது இன்னிக்குத்தான்."

காலி கிளாஸை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து, மருமகளே."

மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் பாதி மாமா தட்டில் விழுந்தது.