சம்பந்திக்குச் சொன்ன அலோஹா

என் மகள் துஷா கட்டப்போகும் கேய் ஹவாய்க்காரர். அவருடைய தாய் முதன்முறையாக லண்டன் வந்திருந்தார், கியூ தோட்டத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. இந்தக் கலியாணத்துக்கு ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள் நான். அது சம்பந்திக்கும் தெரியும். முதல் வணக்கமாவது பிசகக்கூடாது என்று, மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து கிளம்பினேன்.

காலை 9.40க்கு 57ஆம் இலக்க பஸ், 1.75 பவுண்ட். விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் பிடித்து, ஏர்ல்ஸ் கோர்ட்டில் ரிச்மண்ட் ரயிலுக்கு மாற வேண்டும். கியூ கார்டன்ஸில் இறங்கும்போது மணி 11. வழி முழுக்க கேய் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்தேன். 'அலோஹா' எந்த வேளைக்கும் பொருந்தும். பழகியவர்களை நலம் விசாரிப்பது என் காதில் 'பெஹெயா ஓய்' என்று விழுந்தது. சம்பந்தியைப் பார்த்து 'ஓய்' என்பதா? அதைத் தள்ளிவிட்டு, பலர் கூடும் இடத்தில் மரியாதையாகச் சொல்லும் 'அலோஹா காக்கோ'வை எடுத்துக்கொண்டேன். நம் எல்லோருக்கும் அன்பு என்று பொருள். பக்கத்திலேயே 'மாக்கோ' என்றும் ஒரு சொல் வந்தது. இரண்டுக்கும் நேரே 'நாங்கள்' என்று குறித்து வைத்தேன்.

பனைமரக் கண்ணாடி மாளிகையின் முன் துஷாவும் கேயும் சம்பந்தியும் நின்றார்கள். நான் கைகூப்பி, தெளிவாகச் சொன்னேன்: "அலோஹா மாக்கோ." அணைக்க விரிந்த சம்பந்தியின் கைகள் அப்படியே நின்றன. கேய் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, காக்கோ எண்டால் அவவையும் சேர்த்து நாங்கள். நீங்கள் சொன்னது அவவை விட்டிட்டு நாங்கள்," என்றாள் துஷா.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "எங்கட கதையில ரெண்டும் நாங்கள் தானே, பிள்ளை," என்றேன். புத்தகத்தில் 'நாம்' இருக்கிறதுதான். எங்கள் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறோம்?

துஷா அதை ஆங்கிலத்தில் விளக்கியதும் சம்பந்தி சிரித்துவிட்டார். அப்படியென்றால் உங்கள் மொழியில் ஒருவரையும் வெளியே விட முடியாதே என்றார். பிறகு அவர்கள் முறைப்படி நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் வைத்து மூச்சை இழுத்தார். என் மூக்குக்கண்ணாடி இடித்தது. மனம் லேசாகிவிட்டது.

போகிறவர்கள் தோட்டத்துச் சீட்டை இணையத்தில் முன்பே எடுங்கள், மலிவு. நிலையத்திலிருந்து வாசல் ஐந்து நிமிட நடை. ஹவாய்க்காரர் யாரையாவது சந்தித்தால் வெறும் 'அலோஹா' போதும். கூட்டமென்றால் 'காக்கோ' சேருங்கள். கண்ணாடியை முதலே கழற்றிவிடுங்கள்.

மாலை நாலரைக்கு நிலையத்தில் பிரியும்போது சம்பந்தி எங்களைப் பார்த்துக் கையசைத்தார். "அலோஹா நாங்கள்," என்றார். திருத்த வாயெடுத்த துஷாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.