போகிக்குக் கொடுக்காத மூன்று விரிப்புகள்

எனக்குப் பயம் அதிகம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதே பயத்தால்தான். ஆறாவதுக்கு பஸ் ஏறி சுங்குவார்சத்திரம் போக வேண்டும். பஸ் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் அப்பா சரி விடு என்றுவிட்டார். அடுப்பு அணைந்ததா, கொல்லைக் கதவு சாத்தினோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் யார் சொல்லியும் கேட்கவில்லை.

ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் வாழ்க்கைப்பட்டேன். அந்தப் பக்கம் அப்போது கம்பெனி எதுவும் வரவில்லை. ஏரியும் நெல்லும் வேர்க்கடலையும்தான். வீட்டுக்காரர் வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு சைக்கிளில் போய் வருவார். பகலெல்லாம் வீட்டில் நானும் மாமியாரும்தான்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது மூன்று சின்ன விரிப்புகள் தைக்க ஆரம்பித்தேன். பழைய வேட்டியை நாலாக மடித்து உள்ளே வைத்து, மேலே டெய்லர் கடையில் வாங்கி வந்த வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட வேண்டும். ஒரு விரிப்பு கைக்குழந்தை படுக்கிற அளவுதான் இருக்கும். ஒன்றுக்கு ஓரம் மட்டும் பாக்கி. இன்னொன்றில் மேல் துணிகள் சேர்ந்திருந்தன. மூன்றாவது வெறும் துண்டுகளாகக் கிடந்தது. அந்த நிலையில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. மூன்றாம் நாள் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் போடுவார்கள். அந்தப் பழந்துணியையும் பிள்ளை பிறந்த பிறகுதான் தேடி எடுக்க வேண்டும். முன்கூட்டியே எடுத்து வைத்தால் பிள்ளை தங்காது என்பார்கள். துக்கம் கேட்க வந்தவர்களில் யாரோ என் விரிப்பைப் பார்த்துவிட்டு மாமியாரைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அது என் கையால் நடந்த காரியம் ஆகிவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே எனக்குள் அதைச் சொல்லிக்கொண்டேன், இரண்டு வருஷம்.

மறுபடி உண்டானேன். ஏழாம் மாதத்தில் மார்கழி வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழித்தோம். பரணில் இருந்த என் கோணிப்பையை மாமியார் கீழே இறக்கி, கூடத்தில் கொட்டினார். பிடி போடாத ஒயர் கூடை, ஒற்றை இறக்கையோடு நின்ற கிளி போட்ட தலையணை உறை, குரோஷா ஊசியோடே தொங்கிய ரேடியோ உறை. எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மூன்று விரிப்புகள்.

"பரண் பூரா உன் மூட்டைதான் கீது. எதுனா ஒண்ண முடிச்சிக்கிறியா நீ? எல்லாத்தையும் போகிக்குப் போட்டுடு," என்றார். பிறகு விரிப்பைக் காலால் தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "வவுத்துல இருக்கச்சொல்ல தெச்சா இன்னா ஆவும்னு ஒருவாட்டி பாத்தது போதாதா?"

இரண்டு வருஷமாக எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்ததை முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டேன். வெளியே கேட்டபோது அது எவ்வளவு அபாண்டம் என்று தெரிந்தது. பிள்ளைக்கு மூச்சுத் திணறியது. பிறந்ததிலிருந்தே பால் குடிக்கவில்லை. இதில் என் ஊசி எங்கே வந்தது?

"முடிக்காதது எதுவோ அத நானே போடறேன் அத்தே," என்றேன். "முடிச்சதத் தொடக்கூடாது."

போகிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, இவள் எங்கே முடிக்கப்போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்றார். மகனிடமும் சொல்லி வைத்தார். அவர், ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கூடைக்குப் பிடி போட்டேன். கிளிக்கு இரண்டாவது இறக்கை போட்டேன். அது முதலாவதை விடப் பெரிதாகப் போய்விட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு விரிப்புகளை எடுத்தேன். மாமியார் அந்தப் பக்கமே வரவில்லை. நான் தைக்கிற நேரம் பார்த்துக் கொல்லையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பிள்ளை அசையவில்லை. வழக்கமாகச் சாப்பிட்டதும் ஒரு புரளு புரளும். அன்று ஒன்றுமில்லை. ஊசியைக் கீழே வைத்தேன். தண்ணீர் குடித்தேன், ஒருக்களித்துப் படுத்தேன். தைத்ததை எல்லாம் பிரித்துவிடுகிறேன், அடுப்பில் போட்டுவிடுகிறேன் என்று சாமி படத்தைப் பார்த்து நேர்ந்துகொள்ள வாய்வரை வந்துவிட்டது. அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். இப்போது பிரித்தால், முதல் பிள்ளையைக் கொன்றது நான்தான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. எழுந்து உட்கார்ந்தேன். நூல் கோக்க நாலு தடவை ஆயிற்று. ஒரு பக்கத்து ஓரம் முழுக்கத் தைத்து முடித்தேன். அதற்கும் வெகு நேரம் கழித்துத்தான் உள்ளே ஒரு உதை விழுந்தது. அது வருவதற்கு முன்பே நான் ஊசியை எடுத்துவிட்டேன். அதை மட்டும் இன்றைக்கும் பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

போகி அன்று விடியற்காலையில் தெருவெல்லாம் புகை. கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்துகொண்டிருந்தன. நான் கோணிப்பையைப் போட்டேன். ரேடியோ உறையையும் போட்டேன். அதை முடிக்க எனக்கு இஷ்டமில்லை, எப்போதுமே இருந்ததில்லை. பிறகு உள்ளே போய், முடித்து வைத்திருந்த மூன்று விரிப்புகளையும் எடுத்து வந்து வாசல் கொடியில் வரிசையாக விரித்தேன். கொல்லையிலும் கொடி இருந்தது. வேண்டுமென்றேதான் வாசலில் போட்டேன்.

எதிர்வீட்டு அக்கா நெருப்பைக் கிளறிக்கொண்டே பார்த்தார். "இன்னாமா, புள்ள வர்றதுக்கு முன்னாடியே படுக்கை காயுது?"

"ஆமாக்கா. பனியில நனைஞ்சா வெயில்ல காயட்டும்," என்றேன். மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டார், விரிப்பில் கை வைக்கவில்லை.

பங்குனியில் வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தாள். பெண் பிள்ளை. பிறந்ததும் வீறிட்டு அழுதது. பழந்துணி கொண்டா என்று மருத்துவச்சி கேட்க, மாமியார் தன் பழைய சேலையை அவசரமாகக் கிழித்தார். நான் தலைமாட்டிலிருந்த விரிப்பை எடுத்து நீட்டினேன். மூன்றில் அது முதலாவது. மூத்தவன் வயிற்றில் இருந்தபோதே ஓரம் வரை தைத்திருந்தது, துக்கம் கேட்க வந்தவர்கள் கண்ணில் பட்டது.

"அது வாணாம்டி. மத்த ரெண்டுல ஒண்ண எடு," என்றார் மாமியார். அவர் குரலில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. என்னுடைய பயம் மாதிரியே இருந்தது.

"இதுதான் அத்தே," என்றேன்.

மகள் நன்றாக வளர்ந்தாள். அதை வைத்து, பார்த்தாயா நான் ஜெயித்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அவளும் போயிருந்தால்கூட, துணி காரணமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அழுதுகொண்டே சொல்லியிருப்பேன். முதல் மூன்று நாளும் நான் கண்ணை மூடவில்லை, நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவளை அந்த விரிப்பிலிருந்து எடுக்கவில்லை.